சின்ன ஆபீஸ் கம்ப்யூட்டரில் இரண்டு மானிட்டர்: முதலில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அலுவலகத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர், தடிமனான அகராதி அளவுக்குத்தான் இருக்கும். ஒரு மானிட்டர் எச்டிஎம்ஐ கேபிளில் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது மானிட்டர் வந்ததும் எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் ஒன்றை வாங்கி மாட்டியாயிற்று. இரண்டு திரையிலும் ஒரே படம்தான் வருகிறது; ஒன்றில் எக்ஸெல், இன்னொன்றில் மெயில் என்று பிரித்து வைக்க முடியவில்லை. கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் ஆகுமா? பெட்டிக்குள் அதற்கு இடமே இல்லையே?

கார்டு வேண்டாம். அநேகமாக உங்களுக்குத் தேவை ஒரே ஒரு கேபிள். அது எந்தக் கேபிள் என்பதில்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள்.

ஸ்பிளிட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அது கெட்டுப்போகவில்லை, அதன் வேலையே அதுதான். ஒரு போர்ட்டிலிருந்து வரும் ஒரு படத்தை அப்படியே இரண்டு பிரதியாக்கித் தரும். கம்ப்யூட்டருக்கோ அங்கே ஒரு மானிட்டர் இருப்பதாகத்தான் தெரியும். ஆகவே செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் இரண்டாவது திரை தனியாகப் பிரியாது. கூட்ட அறையில் ஒரே படத்தை டிவியிலும் புரொஜெக்டரிலும் காட்ட நல்ல பொருள். உங்கள் வேலைக்கு ஆகாது, திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள்.

இப்போது பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மொபைல் டார்ச்சை அடித்துக்கொண்டு பாருங்கள், ஏனென்றால் இந்தப் போர்ட்டுகள் கருப்புக்குள் கருப்பாக இருக்கும். எச்டிஎம்ஐ துளையின் கீழ் மூலைகள் இரண்டுமே உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதே அளவில், ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டது போல இன்னொரு துளை இருந்தால் அது டிஸ்ப்ளேபோர்ட். இதை எச்டிஎம்ஐ என்று நினைத்துக் கேபிளைச் செருகப் பார்த்து, "போர்ட் பழுது" என்று முடிவுகட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீல நிறத்தில் மூன்று வரிசையாக 15 ஓட்டைகள் இருந்தால் விஜிஏ. வெள்ளையாக, அகலமாக இருந்தால் டிவிஐ.

அலுவலகத்துக்கென்று தயாராகும் சிறிய கம்ப்யூட்டர்களில் ஒரே ஒரு வீடியோ போர்ட்டோடு வருவது அபூர்வம். 2012-13 வாக்கில் வந்த டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010ஐ எடுத்துக்கொண்டால், இரண்டு டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு விஜிஏவும் உண்டு. எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்ற, ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள குட்டிப் பெட்டிகளிலும் இரண்டு வீடியோ போர்ட் இருப்பது சகஜம். சிலவற்றில் மூடிபோட்ட ஓர் இடமும் இருக்கும். வாங்கும்போது கேட்டால் அங்கே எச்டிஎம்ஐ, விஜிஏ, யூஎஸ்பி-சி என்று ஏதாவது ஒன்றைப் போட்டுத் தருவார்கள். நிறுவனங்கள் இந்தப் பெட்டிகளை வடிவமைக்கும்போதே இரண்டு மானிட்டரை மனதில் வைத்துத்தான் செய்கின்றன. நாம்தான் கையில் இருக்கும் எச்டிஎம்ஐ கேபிளை முதலில் மாட்டிவிட்டு, பக்கத்தில் சும்மா கிடக்கும் டிஸ்ப்ளேபோர்ட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

போர்ட் இருந்தால் மட்டும் போதாது, பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் எத்தனை திரைகளை ஒரே நேரத்தில் தாங்கும் என்பதும் உண்டு. இன்டெல்லில் இரண்டாம் தலைமுறை கோர் வரை இரண்டு திரைதான். மூன்றாம் தலைமுறையில் மூன்று வந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: மூன்றையும் ஓட்ட வேண்டுமானால் அவற்றில் குறைந்தது இரண்டு திரைகள் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக ஓட வேண்டும். திரைக்குக் கடிகாரத் துடிப்பு கொடுக்கும் சுற்றுகள் உள்ளே இரண்டே இருந்ததுதான் காரணம். நான்காம் தலைமுறையில் அந்தத் தொல்லை தளர்ந்தது. இப்போது வருபவை நான்கு திரை வரை தாங்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டுதான் என்பதால், பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய பெட்டியானாலும் கவலையில்லை.

முக்கிய விதிவிலக்கு, பிராசஸர் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருப்பது. ஐ5-12400எஃப் மாதிரி. அதில் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. மதர்போர்டில் எத்தனை போர்ட் இருந்தாலும் அவற்றில் படம் வராது. பிராண்டட் சின்னப் பெட்டிகளில் இது அநேகமாக வராது, அசெம்பிள் செய்ததில் வரும்.

"இரண்டு மானிட்டர் போட்டால் மெஷின் ஸ்லோ ஆகாதா?" என்று அடுத்த கேள்வி வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1920 × 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் முழுத் திரைப் படம் ஒன்றுக்கு 8 எம்பி சொச்சம். சாதாரணமாக மொபைலில் எடுக்கும் போட்டோ இரண்டு மூன்று சேர்ந்தால் வரும் அளவு. எக்ஸெல், பிரவுசர், பிடிஎஃப், டேலி என்று ஓடும் மேசைக்கு இரண்டாவது திரை ஒரு சுமையே இல்லை. ஸ்லோ ஆகிறதென்றால், இரண்டு திரை கிடைத்த மகிழ்ச்சியில் நாம் நாற்பது டேப் திறந்து வைப்பதால்தான். இந்தக் கிராபிக்ஸ் தனி மெமரி இல்லாமல் கம்ப்யூட்டரின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. எனவே செலவழிக்கப் பணம் இருந்தால் கார்டுக்குப் பதிலாக இரண்டாவது ரேம் குச்சி ஒன்றைப் போடுங்கள். இரண்டு குச்சி இருந்தால் மெமரிக்குப் போய்வரும் பாதையும் இரட்டிப்பாகும்.

சரி, கேபிளுக்கு வருவோம். பெட்டியில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரிலும் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் பேச்சே இல்லை, நேர் கேபிள் ஒன்று போதும். ஆனால் நம் கைக்கு வரும் இரண்டாவது மானிட்டரில் பெரும்பாலும் எச்டிஎம்ஐயும் விஜிஏவும்தான் இருக்கும். அப்போது டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாறும் கேபிள் வாங்க வேண்டும். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது.

இந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ. திருப்பிப் போட்டால், அதாவது கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குக் கொண்டுபோனால், ஒன்றுமே வராது. இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் திரை இருட்டாகவே இருக்கும். நானே முதல் தடவை இப்படி ஆறு கேபிள் வாங்கி, ஒரு முழு மதியம் மானிட்டரைச் சந்தேகப்பட்டு, டிரைவரைச் சந்தேகப்பட்டு, கடைசியில் கேபிள் உறையில் பொடி எழுத்தில் இருந்த அம்புக்குறியைப் பார்த்தேன்.

காரணம் எளிது. கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் இரட்டை வேஷம் போடத் தெரிந்தது. மறுமுனையில் எச்டிஎம்ஐ அடாப்டர் இருப்பதை உணர்ந்தால், தன் மொழியை விட்டுவிட்டு எச்டிஎம்ஐ மொழியிலேயே பேசும். கேபிளுக்கு அதிக வேலை இல்லை, மின்னழுத்தத்தைச் சரிசெய்தால் போதும். இப்படிச் செய்யக்கூடிய போர்ட்டுக்கு அருகில் டி, பி எழுத்துகளும் இரண்டு கூட்டல் குறியும் அச்சிட்டிருப்பார்கள். எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு அந்த வித்தை தெரியாது. எதிர்த்திசையில் போக வேண்டுமானால் நடுவில் சிப் வைத்த ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். அதற்குத் தனியாக யூஎஸ்பி மின்சாரமும் கொடுக்க வேண்டும். அந்த வம்புக்குப் போகாதீர்கள். உங்கள் மானிட்டர் ஒன்றில் எச்டிஎம்ஐ மட்டும், இன்னொன்றில் இரண்டும் இருக்கிறதென்றால், கேபிள்களை இடம் மாற்றி நேர்த்தொடர்பு கிடைக்கிறதா பாருங்கள். பல சமயம் எதையும் வாங்காமலே கதை முடிந்துவிடும்.

டிவிஐக்கும் இதே விதிதான். சாதாரண அடாப்டர் 1920 × 1200 வரை கொண்டுபோகும், 1080 திரைக்குத் தாராளம். அதற்கு மேலே 2560 × 1440 திரை வைத்திருப்பவர்கள் மலிவான பழைய அடாப்டரில் மாட்டினால் படம் மங்கலாக வரும், அல்லது அந்த ரெசல்யூஷன் பட்டியலிலேயே இருக்காது. அவர்கள் நேர் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுவது நல்லது. 4கே மானிட்டர் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: எச்டிஎம்ஐ 1.4 உள்ள பழைய பெட்டி 4கே படத்தை விநாடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கும். படம் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் மவுஸை நகர்த்தினால் தேனில் இழுப்பது போல வரும். ஒரு மணி நேரத்தில் எரிச்சல் வந்துவிடும். 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை.

விஜிஏ பற்றி. 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த தொடர்பு அது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை சேர்ந்து 2015க்குள் இதைக் கைவிடப்போவதாக அறிவித்தன. இன்னமும் மானிட்டர்களின் பின்னால் நீல நிறம் தெரியத்தான் செய்கிறது. ஒரு திரையை விஜிஏவிலும் மற்றதை டிஸ்ப்ளேபோர்ட்டிலும் ஓட்டலாம், தவறில்லை. ஆனால் இரண்டு ஒரே மாதிரி மானிட்டரைப் பக்கத்தில் வைத்தால் விஜிஏ திரையில் எழுத்து லேசாகக் குழைவது கண்ணுக்குப் படும். மானிட்டரில் ஆட்டோ அட்ஜஸ்ட் பொத்தானை அழுத்தினால் கொஞ்சம் சரியாகும். நாள் முழுக்க எண்களைப் பார்க்கும் ஆளுக்கு அதைக் கொடுக்காதீர்கள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டரும் கிடைக்கிறது. டிஜிட்டலை அனலாகாக மாற்ற உள்ளே சிப் இருந்தே ஆக வேண்டும் என்பதால், எதுவுமில்லாத வெறும் கம்பி அடாப்டர் என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

பெட்டியில் உண்மையிலேயே ஒரே ஒரு டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வழி உண்டு. 2010இல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தரத்தில் எம்எஸ்டி (MST) என்று ஒரு வசதி சேர்ந்தது. ஒரே கேபிளில் பல திரைகளுக்கான தனித்தனிப் படங்களைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்பும் முறை. அந்தக் கேபிளின் கொள்ளளவு விநாடிக்கு 17.28 கிகாபிட், 1080 திரை ஒன்றுக்கு 60 ஹெர்ட்ஸில் மூன்றரை கிகாபிட்டுக்குள் போதும். ஆகவே இரண்டு திரை என்பது இதற்கு விளையாட்டு, நான்கு வரை கூடப் போகலாம். இன்டெல்லில் நான்காம் தலைமுறையிலிருந்து இது வேலை செய்யும்.

இதைப் பயன்படுத்த இரண்டு வழி. மானிட்டரிலேயே டிஸ்ப்ளேபோர்ட் அவுட் இருந்தால், கம்ப்யூட்டரிலிருந்து முதல் மானிட்டருக்கு ஒரு கேபிள், அங்கிருந்து இரண்டாவதுக்கு இன்னொன்று, மாலை கோப்பது போல. முதல் மானிட்டரின் மெனுவுக்குள் போய் எம்எஸ்டியை இயக்க வேண்டும், கடைசி மானிட்டரில் அது அணைந்திருக்க வேண்டும். இந்த மெனு படியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அதனால்தான் இரண்டிலும் ஒரே படம் வந்து, மறுபடி ஸ்பிளிட்டர் கதையாகத் தோன்றுகிறது. மானிட்டரில் அவுட் இல்லையென்றால் எம்எஸ்டி ஹப் என்று சின்ன டப்பா ஒன்று கிடைக்கிறது. பார்வைக்கு ஸ்பிளிட்டர் மாதிரியேதான் இருக்கும். வாங்கும்போது எம்எஸ்டி என்ற எழுத்து உறையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மேக் மினி வைத்திருப்பவர்கள் இந்த எம்எஸ்டி வழியை மறந்துவிடலாம். மேக்ஓஎஸ்ஸில் எம்எஸ்டி ஹப் போட்டால் இரண்டு திரையிலும் ஒரே படம்தான். அதில் நேரடியாக ஒன்றை யூஎஸ்பி-சியிலும் மற்றதை எச்டிஎம்ஐயிலும் மாட்டினால் எம்1 மினி முதற்கொண்டு இரண்டு திரை ஓடும்.

யூஎஸ்பி-சி என்றதும் நினைவுக்கு வருகிறது. முன்பக்கத்தில் ஒரு யூஎஸ்பி-சி துளை இருந்தால் அதில் மானிட்டரை மாட்டலாம் என்று நம்பி அடாப்டர் வாங்காதீர்கள். அந்தத் துளை எல்லாமே படம் அனுப்புவதில்லை. ஆபீஸ் பெட்டிகளின் முன்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் டேட்டாவுக்கும் சார்ஜுக்கும் மட்டும். பக்கத்தில் டி-பி சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் படம் வரும். சின்னம் இல்லையென்றால் அந்த மாடலின் விவரப் பட்டியலைத் தேடிப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசிக்கு முந்தைய வழி, சாதாரண யூஎஸ்பியிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் அடாப்டர். டிஸ்ப்ளேலிங்க் சிப் வைத்தவை கொஞ்சம் நம்பகமானவை. இது கிராபிக்ஸ் போர்ட்டே அல்ல. கம்ப்யூட்டரின் பிராசஸர் திரையில் வர வேண்டிய படத்தைச் சுருக்கி யூஎஸ்பி வழியே அனுப்ப, அடாப்டர் அதை விரித்துக் காட்டுகிறது. ஆகவே டிரைவர் கட்டாயம், பிராசஸருக்கும் சுமை. மெயில், சாட், பிடிஎஃப் வைக்கும் ஓரத் திரைக்குச் சரி. வீடியோ ஓட்டினால் திணறும். மூன்றாவது திரை கேட்டு அடம்பிடிக்கும் அக்கவுண்டண்டுக்கு நான் இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது திரைக்கு நானாக இதைப் பரிந்துரைத்ததில்லை.

கார்டு என்பது அதற்கும் பிறகு. ஒரு லிட்டர் பெட்டியில் பெரும்பாலும் கார்டு செருக இடமே கிடையாது, யோசனையை விட்டுவிடலாம். சற்றுப் பெரிய, ஒல்லி டவர் போன்ற பெட்டியில் பாதி உயர ஸ்லாட் இருக்கும். அதில் லோ புரொஃபைல் கார்டுதான் போகும். கார்டைப் பெட்டியோடு சேர்த்துத் திருகும் உலோகப் பட்டையும் குட்டைப் பட்டையாக இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் கார்டுகளில் குட்டைப் பட்டை தொலைந்துபோய், நீளப் பட்டையோடு வந்து சேரும். மின்சாரமும் பார்க்க வேண்டும், இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை சிறியது. ஜிடி 1030, குவாட்ரோ பி400 இரண்டும் 30 வாட். பி620 என்றால் 40 வாட். தனி மின்கம்பி கேட்காது. பி400இல் மூன்று, பி620இல் நான்கு மினி டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும், அதற்கான குட்டி அடாப்டர்களையும் சேர்த்தே வாங்குங்கள். பழைய ஆபீஸ் கார்டு சிலவற்றில் ஒரே ஒரு விநோதமான அகலத் துளை இருக்கும், டிவிஐ மாதிரியே தெரியும் ஆனால் எதுவும் பொருந்தாது. டிஎம்எஸ்-59 என்று பெயர். ஒய் வடிவக் கேபிள் ஒன்றைச் செருகினால் அதிலிருந்து இரண்டு மானிட்டர் பிரியும். கேபிள் இல்லாமல் கார்டை மட்டும் வாங்கினால் அது காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும்.

கார்டு போட்டதும் நடக்கும் ஒரு குழப்பம் உண்டு. முன்பு வேலை செய்த மதர்போர்டு போர்ட் செத்துவிடும். பெட்டி, கார்டைக் கண்டதும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடுகிறது, அவ்வளவுதான். இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே மாட்டுவது நிம்மதி. ஒன்றை அங்கே, ஒன்றை இங்கே என்று வைக்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்ஸுக்குள் போய், மல்டி டிஸ்ப்ளே அல்லது மல்டி மானிட்டர் என்று இருப்பதை இயக்க வேண்டும். எல்லாப் பெட்டியிலும் அந்த வசதி இராது.

இனி மாட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸில் விண்டோஸ் விசையையும் பி (P) எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும், அதில் எக்ஸ்டெண்ட். இரண்டாவது திரை உயிர்பெறும். அதன்பிறகு டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். ஐடென்டிஃபை அழுத்தினால் எந்த எண் எந்த மானிட்டர் என்று திரையிலேயே காட்டும். மேசையில் எப்படி நிற்கின்றனவோ அப்படியே கட்டங்களை இழுத்து வையுங்கள்.

இதை அவசரத்தில் செய்தால் வரும் தொல்லையைச் சொல்கிறேன். மவுஸை வலப்பக்கம் தள்ளுகிறீர்கள், திரையின் மேற்பாதியில் அடுத்த மானிட்டருக்குத் தாராளமாகப் போகிறது, கீழ்ப்பாதியில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டி நிற்கிறது. மவுஸ் பழுதில்லை. கட்டம் 2, கட்டம் 1ஐவிட மேலே ஏறி நிற்கிறது. கீழே இரண்டும் தொட்டுக்கொள்ளவில்லை, தொடாத இடத்தில் கதவும் இல்லை. மேல் விளிம்புகளைச் சமமாக இழுத்து ஒட்டவைத்தால் தீர்ந்தது. ஒரு மானிட்டர் 1080, மற்றது 1440 என்றால் ஏதாவது ஒரு விளிம்பில் சுவர் இருந்தே தீரும்; டாஸ்க்பார் இருக்கும் கீழ்விளிம்பைச் சமமாக்கி, சுவரை மேலே தள்ளிவிடுவது என் பழக்கம்.

எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கேலிங் அடுத்த தலைவலி. ஒரு திரை 100 சதவீதம், இன்னொன்று 150 என்றால், பழைய மென்பொருள்களின் விண்டோவை இழுத்துக்கொண்டு போகும்போது எழுத்து ஊதிப்போய் மங்கலாகத் தெரியும். ஒரு முறை சைன் அவுட் செய்து திரும்பி வந்தால் பாதி சரியாகும். மீதியைத் தவிர்க்க ஒரே வழி, இரண்டு மானிட்டரும் ஒரே அளவு, ஒரே ரெசல்யூஷன். புதிதாக வாங்கும் நிலையில் இருந்தால் பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும் என்று ஆசைப்படாமல் ஜோடியாக வாங்குங்கள், நிறமும் ஒத்துப்போகும்.

விண்டோக்களை மவுஸால் இழுக்க வேண்டியதில்லை. விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இட அல்லது வல அம்புக்குறி. விண்டோ அப்படியே அடுத்த திரைக்குத் தாவும். திரைக்கு வெளியே தொலைந்துபோன விண்டோவை மீட்கவும் இதுதான்.

இரண்டாவது திரை தெரியவே இல்லையா? நான் பார்க்கும் வரிசை இப்படி. முதலில் மானிட்டரின் இன்புட் எதில் நிற்கிறது என்று பார்ப்பேன். பழைய இடத்தில் விஜிஏவில் ஓடிய மானிட்டர் இன்னும் விஜிஏவையே பார்த்துக்கொண்டு சிக்னல் இல்லை என்று புலம்பும். அப்புறம் முதல் மானிட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டாவதை அதன் கேபிளோடு மட்டும் மாட்டி ஸ்டார்ட் செய்வேன். படம் வந்தால் கேபிளும் மானிட்டரும் நல்லவை, கோளாறு செட்டிங்ஸில். வராவிட்டால் கேபிளை மாற்ற வேண்டும். விண்டோஸை அண்மையில் புதிதாகப் போட்டிருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தைப் பார்ப்பேன். அங்கே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை என்று அர்த்தம். அது இருக்கும்வரை இரண்டாவது திரை தனியாகப் பிரியாது, ரெசல்யூஷனும் சரியாக அமையாது. கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து டிரைவரைப் போட்டால் உடனே விழித்துக்கொள்ளும்.

விசித்திரமான ஒரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குக் காரணம் தெரியாமல் மதர்போர்டையே மாற்றியவர்கள் உண்டு. ஒரு பெட்டியை ஆஃப் செய்து மின் கம்பியையும் உருவிய பிறகும் அதன் பவர் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. மறுபடி ஆன் செய்தால் சில நாள் ஸ்டார்ட் ஆகும், சில நாள் ஆகாது. மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை உருவியதும் விளக்கு அணைந்தது. டிஸ்ப்ளேபோர்ட்டில் 20ஆம் பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. சாதாரண கேபிளில் அந்தப் பின் இரு முனைகளுக்கு இடையே இணைந்திருக்கக் கூடாது என்பது தர விதி. மலிவுக் கேபிள்களில் அதையும் சேர்த்து இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரின் மின்சாரம் கேபிள் வழியே பெட்டிக்குள் ஏறிவிடுகிறது. நல்ல கேபிள் மாற்றியதும் அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடியது.

டிஸ்ப்ளேபோர்ட்டின் இன்னொரு குணம், மானிட்டரை அணைத்தால் பல சமயம் கம்ப்யூட்டர் அதைக் கழற்றிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். மதிய உணவுக்குப் போய்விட்டு வந்தால் எல்லா விண்டோவும் ஒரே திரையில் குவிந்து கிடக்கும். விண்டோஸ் 11இல் இதற்கு மருந்து இருக்கிறது: டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் பகுதியில், மானிட்டர் இணைப்பைப் பொறுத்து விண்டோக்களின் இடத்தை நினைவில் வைக்கும் ஒரு தேர்வு. அதில் டிக் இருக்கட்டும்.

மேசையில் வைப்பது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாளில் பெரும்பகுதி ஒரே திரையைப் பார்ப்பவர் அதை நேர் எதிரே வைத்து, மற்றதைப் பக்கவாட்டில் தன் பக்கம் சாய்த்து வைக்கட்டும். இரண்டையும் சரிபாதி பார்ப்பவர் மட்டும் நடு இணைப்பை மூக்குக்கு நேரே வைக்கலாம். மற்றவர்கள் அப்படி வைத்தால் நாள் முழுக்கக் கழுத்து ஒரு பக்கமே திரும்பி இருக்கும். மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, தூரம் கை நீட்டினால் தொடும் அளவு. நீளமான ஆவணங்கள் படிப்பவர்கள் ஒரு திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் முழுதாகத் தெரியும். ஆனால் டிஎன் எனப்படும் மலிவு வகைப் பேனல் உள்ள மானிட்டரை அப்படித் திருப்பினால் ஒரு கண்ணுக்கு ஒரு நிறமும் மற்றதற்கு வேறு நிறமுமாகத் தெரிந்து தலைவலி வரும்.

சின்னப் பெட்டியை மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்ட ஆசைப்பட்டால், பின்னால் இருக்கும் நான்கு திருகு ஓட்டைகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 75 அல்லது 100 மில்லிமீட்டராக இருக்கும். இரட்டைக் கை ஸ்டாண்டுக்கும் அதே ஓட்டைகள்தான் வேண்டும் என்பதால், ஸ்டாண்ட் போட்ட மானிட்டரில் பெட்டிக்கு இடம் மிஞ்சாமல் போகலாம். அப்படி மாட்டினால் காற்றுத் துளைகள் சுவரைப் பார்த்து அடைபடாமல் இருக்கட்டும்.

கேபிள்களைக் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், பிறகு கட்டுங்கள். அப்புறம், டிஸ்ப்ளேபோர்ட் பிளக்கை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் சும்மா இழுக்காதீர்கள். அதன் மேல்பக்கத்தில் சின்னதாக ஓர் அழுத்தி இருக்கும், உள்ளே இரண்டு கொக்கிகள் துளையைப் பிடித்துக்கொண்டிருக்கும். சின்னப் பெட்டிகளில் போர்ட்டுகள் நெருக்கமாக இருப்பதால் விரல் அந்த அழுத்தியைத் தொடாது. பேனா முனையால் அழுத்திக்கொண்டே நேராக இழுத்தால் வந்துவிடும்.